ஒப்பந்தத்தின் நடுவில் அணி மாற்றம் கேட்டு அடம் பிடிக்கும் நட்சத்திர வீரரின் பக்கம் நியாயம் உண்டா?

'மூலையிலிருந்து மூன்று' என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. கூடைப்பந்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். யார் சிறந்த வீரர், எந்த அணி பலமானது என்பது போன்ற வாதங்களில் எப்படியோ ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வியில் மட்டும் இன்றுவரை ஊசலாடிக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் மீதமிருக்கும்போதே, தம்மை வேறு அணிக்கு டிரேட் செய்துவிடும்படி (பண்டமாற்றாக அனுப்பிவிடும்படி) ஒரு நட்சத்திர வீரர் நிர்வாகத்தை நெருக்குவது நியாயமா?

இந்த ஊசலாட்டத்துக்குக் காரணமான சிலரைச் சொல்கிறேன். கெவின் டுரான்ட் 2021 ஆகஸ்டில் புரூக்ளின் நெட்ஸ் அணியுடன் நான்கு ஆண்டு ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட்டார். அந்த நீட்டிப்புக்குரிய முதல் ஆட்டம்கூட நடப்பதற்கு முன்பு, 2022 ஜூன் 30 அன்று, தம்மை வேறு அணிக்கு அனுப்பும்படி கேட்டார். ஆகஸ்டில் அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றாலும், 2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். ஜேம்ஸ் ஹார்டன் மூன்று ஆண்டுகளுக்குள் ஹூஸ்டன், புரூக்ளின், பிலடெல்பியா ஆகிய மூன்று அணிகளிலிருந்தும் இதே வழியில் வெளியேறினார். போர்ட்லண்டில் பதினொரு பருவங்கள் ஆடிய டேமியன் லில்லார்ட், 2022 கோடையில் சுமார் 12 கோடி டாலர் மதிப்புள்ள இரண்டு ஆண்டு நீட்டிப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த கோடையிலேயே மாற்றம் கேட்டார். அதுவும் மயாமிக்குத்தான் போவேன் என்றார்.

கையெழுத்து என்பது வாக்கு என்று நம்புகிறவன் நான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நிர்வாகம் மற்ற வீரர்களைச் சேர்க்கிறது. எதிர்கால டிராஃப்ட் தேர்வுகளை, அதாவது புதிய இளம் வீரர்களை எடுத்துக்கொள்ளும் உரிமைகளை, விலையாகக் கொடுக்கிறது. அதனால் இத்தகைய நெருக்குதலை நியாயமற்றது என்றே இத்தனை நாளும் சொல்லி வந்தேன். ஆனால் 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச்சை டல்லாஸ் நிர்வாகம் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிய பிறகு, அந்த உறுதி கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. இந்த விளையாட்டின் விதிகளை நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் கடமைப்பட்டவனாவேன். 'பணத்துக்காக எதையும் செய்வார்கள்' என்ற வகையான பதில்கள் வேண்டாம். அவற்றை வேண்டிய அளவு படித்துவிட்டேன்.

ஆறாவது ஆள் பதில்:

நண்பரே, கையெழுத்து ஒரு வாக்கு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த வீரர் எதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

என்.பி.ஏ. ஒப்பந்தம் வீரரை எந்த அணிக்கு வேண்டுமானாலும் மாற்றிவிடும் உரிமையை நிர்வாகத்துக்குத் தருகிறது. அதற்கு வீரரின் சம்மதம் தேவையில்லை. தம் அனுமதியின்றித் தம்மை டிரேட் செய்யக் கூடாது என்ற பிரிவை ஒருவர் தம் ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற வேண்டுமானால், அவர் லீகில் குறைந்தது எட்டு ஆண்டுகளும், அதே அணியில் நான்கு ஆண்டுகளும் ஆடியிருக்க வேண்டும். தகுதி வந்தாலும் நிர்வாகம் மனம் வைத்தால்தான் அது கிடைக்கும். கோபி பிரையன்ட், டிம் டங்கன், டர்க் நோவிட்ஸ்கி, லெப்ரான் ஜேம்ஸ், பிராட்லி பீல் என்று அதைப் பெற்றவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். மற்ற அனைவரும், எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும், காலையில் எழுந்து தொலைபேசியைப் பார்த்துத் தாம் இனி எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்களே. ஆக, போர்ட்லண்டில் கையெழுத்திடும் வீரர் 'நான்கு ஆண்டுகள் போர்ட்லண்டில் இருப்பேன்' என்று சொல்லவில்லை. 'நான்கு ஆண்டுகள், நீங்கள் அனுப்பும் இடத்தில், இந்தச் சம்பளத்துக்கு ஆடுவேன்' என்கிறார். அந்த வாக்கை அவர் நிறைவேற்றும் வரையில், வேறிடம் போக விரும்புகிறேன் என்று வாய் திறந்து சொன்னதால் எந்த வாக்கும் முறிந்துவிடவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 கோடையில் பிளேக் கிரிஃபினைத் தக்கவைக்க விரும்பிய லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் நிர்வாகம், ஓய்வுபெற்ற பிறகு அவருடைய சட்டை எண்ணை அரங்கத்தின் உச்சியில் ஏற்றிக் கௌரவிப்பது போன்ற ஒரு பொய் விழாவையே நடத்திக் காட்டியது. அதன் பிறகு அவர் 17 கோடி டாலருக்கும் மேலான ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2018 ஜனவரி முடிவதற்குள் அவர் டெட்ராய்டில் இருந்தார். பாஸ்டனின் ஐசையா தாமஸ், தம் தங்கை விபத்தில் இறந்த மறுநாள் பிளேஆஃப் (பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தில் களம் இறங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, கைரி இர்விங்குக்குப் பண்டமாற்றாகக் கிளீவ்லாந்துக்கு அனுப்பப்பட்டார். டிமார் டிரோசன் ஒன்பது ஆண்டுகள் டொராண்டோவுக்கு ஆடினார். பெரிய நகரங்களின் கவர்ச்சியை மீறி அங்கேயே இருக்க விரும்பியவர். 2018-ல் காவாய் லெனார்டுக்காக அவரையும் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு டொராண்டோ சாம்பியன் ஆனது. ஆகவே அதைத் தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். நிர்வாகம் தன் நன்மைக்காக விசுவாசத்தை ஒதுக்கிவைத்தால் அது புத்திசாலித்தனம், அதையே வீரர் செய்தால் அது துரோகம் என்று வழங்கும் இரட்டை அளவுகோலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

டான்சிச் விஷயத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. அவர் டல்லாஸிலேயே தொடர்ந்திருந்தால், அந்தக் கோடையில் 34 கோடி டாலருக்கும் மேலான ஐந்தாண்டு நீட்டிப்புக்குத் தகுதி பெற்றிருப்பார். தன்னிடமே வளர்ந்த வீரருக்கு மட்டும் ஓர் அணி தரக்கூடிய உச்சச் சலுகை அது. டிரேட் ஆன கணமே அந்தத் தகுதி போய்விட்டது. முந்தைய ஆண்டுதான் டல்லாஸை இறுதிச் சுற்றுவரை அழைத்துச் சென்றிருந்தார். இத்தனைக்கும் அவர் எதையும் கேட்கவில்லை.

வரலாற்றையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரர் அதே அணியின் உடைமையாகத்தான் இருந்தார். வீரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-ல் தொடுத்த வழக்கு 1976-ல் சமரசத்தில் முடிந்தபோதுதான் அந்தச் சங்கிலி தளர்ந்தது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட்டாக, அதாவது விரும்பிய அணியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளக்கூடியவராக, டாம் சேம்பர்ஸ் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போனது 1988-ல். இன்றைக்கும் ஓர் இளைஞர் எந்த ஊரில் தொழில் தொடங்குவது என்பதை டிராஃப்ட்தான் முடிவு செய்கிறது. முதல் சுற்றில் தேர்வானவர் நான்கு ஆண்டுகள் ஆடிய பிறகும், வேறு அணி தரும் தொகையைத் தானும் தருவதாகச் சொல்லி அவரைத் தக்கவைக்கும் உரிமை பழைய அணிக்கு உண்டு. ஆகவே பெரும்பாலான நட்சத்திரங்கள் அங்கேயே நீட்டிப்பை வாங்கிக்கொள்கிறார்கள். முழுச் சுதந்திரத்தோடு ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது எட்டு ஒன்பது ஆண்டுகள் கழிந்திருக்கும். கூடைப்பந்து வீரரின் வாழ்நாளில் அது பாதிக்கும் மேல்.

பழைய கணக்கு பதில்:

ஆறாவது ஆள் சொன்ன தகவல்களில் எனக்கு மாறுபாடு இல்லை. அவற்றிலிருந்து அவர் வந்தடையும் இடத்தில்தான் மாறுபாடு.

நிர்வாகத்துக்கு டிரேட் செய்யும் உரிமை உண்டு என்பது உண்மை. அதற்கு ஈடாக வீரருக்குக் கிடைப்பது என்ன என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். என்.பி.ஏ. நட்சத்திரங்களின் சம்பளம் ஏறக்குறைய முழுவதுமே உத்தரவாதமானது. முழங்கால் முறிந்தாலும், ஆட்டம் மங்கினாலும், நிர்வாகத்துக்கு அவரைப் பிடிக்காமல் போனாலும் கடைசி டாலர் வரை கொடுத்தே தீர வேண்டும். லில்லார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் அவருக்குக் குதிகால் தசைநாண் அறுந்த பிறகு மில்வாக்கி அவரை விடுவித்தது. அவருக்குச் சேர வேண்டிய பெரும் தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துத் தன் சம்பளக் கணக்கில் சுமந்துகொண்டிருக்கிறது. ஆபத்தை முழுவதும் நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும் ஓர் ஒப்பந்தத்தில், 'எங்கே அனுப்பினாலும் ஆடுவேன்' என்பது வீரர் தரும் விலை. பாதுகாப்பையும் வாங்கிக்கொண்டு, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தையும் வாங்கிக்கொள்வேன் என்றால், அந்த விலையைத் தராமல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வதாகாதா? சுதந்திரம் வேண்டுமென்றால் ஓராண்டிலோ ஈராண்டிலோ விலகிக்கொள்ளக்கூடிய குறுகிய ஒப்பந்தங்களில் கையெழுத்திடட்டும். 2014 முதல் 2018 வரை கிளீவ்லாந்தில் லெப்ரான் ஜேம்ஸ் அப்படித்தான் செய்தார். எவரையும் நெருக்கவில்லை, ஒப்பந்தம் முடிந்ததும் புறப்பட்டுப் போனார். பிடிக்காதவர்கள்கூட அதை முறைகேடு என்று சொல்ல முடியவில்லை.

அடுத்தது, 'கேட்பது' என்ற சொல்லுக்குள் எத்தனை விஷயங்களை ஒளித்துவைக்கிறோம் என்பது. நிர்வாகத்தின் அறைக்குள் போய் 'எனக்கு இங்கே மனம் ஒட்டவில்லை' என்று சொல்வது ஒன்று. பென் சிம்மன்ஸ் 2021-22 பருவத்தில் பிலடெல்பியாவுக்கு ஓர் ஆட்டமும் ஆடாமல் இருந்தது வேறொன்று. அவர் தம் மன நலத்தைக் காரணமாகச் சொன்னார்; அதில் எவ்வளவு உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் சுமார் 2 கோடி டாலர் சம்பளம் நிறுத்திவைக்கப்பட்டு, வழக்காடல் வரை போன அந்தப் பருவத்தில், அவருக்காகக் காத்திருந்த மற்ற பதினான்கு பேரின் ஓராண்டும் சேர்ந்தே கரைந்தது. 2025 ஜனவரியில் ஜிம்மி பட்லரை மயாமி அடுத்தடுத்து இடைநீக்கம் செய்ய வேண்டி வந்ததும் இதே இனம்தான்.

லில்லார்டின் கோரிக்கையில் எனக்கு உறுத்தியது அவர் போக விரும்பியது அல்ல, மயாமி என்ற ஒரே பெயர். வாங்குபவர் ஒருவரே என்று சந்தையில் அறிவித்துவிட்டால் பொருளுக்கு விலை கிடைக்குமா? அந்த வாரங்களில் மற்ற அணிகள் பின்வாங்கின. வேறெங்கு அனுப்பினாலும் முழு மனத்தோடு ஆட மாட்டார் என்ற தொனியில் பேச்சுகள் அடிபட்டதால், இனி அப்படிப் பேசினால் ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று லீகே சுற்றறிக்கை அனுப்பியது. பதினொரு ஆண்டுகள் தம்மைக் கொண்டாடிய ஊரின் கையில், தாம் போகும்போது மிஞ்சக்கூடிய பிரதிபலனைக் குறைத்துவிட்டுப் போவதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்ட்லண்ட் நிர்வாகம் நிதானம் இழக்காமல் செப்டம்பர் வரை காத்திருந்து மில்வாக்கிக்கு அனுப்பியதால் தப்பித்தது.

அந்த டிரேட்டில் இன்னொருவரும் இருந்தார். அவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 2021-ல் மில்வாக்கி சாம்பியன் ஆனதில் பெரும் பங்கு வகித்த ஜூரூ ஹாலிடே, லில்லார்டுக்கான விலையில் ஒரு பகுதியாகப் போர்ட்லண்டுக்கு அனுப்பப்பட்டு, ஒரு வாரத்துக்குள் அங்கிருந்து பாஸ்டனுக்குக் கைமாறினார். ஒருவர் தாம் விரும்பிய இடத்துக்குப் போக முயலும்போது, எதையும் கேட்காத இன்னொருவர் வீட்டைக் காலி செய்கிறார். நிர்வாகத்துக்கு எதிரான வீரரின் உரிமைப் போராட்டம் என்று மட்டும் இதைப் பார்ப்பவர்கள் ஹாலிடேயை எந்தப் பக்கத்தில் நிறுத்துவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பெஞ்சில் ஒருவன் பதில்:

சுருக்கமாக ஒன்று. இந்த வழக்கத்தை இன்றைய தலைமுறையும் சமூக ஊடகங்களும் கொண்டுவந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். கரீம் அப்துல் ஜபார் 1971-ல் மில்வாக்கிக்குப் பட்டம் வென்று கொடுத்தவர். 1974 அக்டோபரில் நிர்வாகத்தைத் தனியாகச் சந்தித்து, நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ தம்மை மாற்றும்படி கேட்டார். ஊரையும் மக்களையும் குறை சொல்லவில்லை. தம் வாழ்க்கை முறைக்கு அந்த நகரம் ஒத்துவரவில்லை என்றார். செய்தி வெளியே வந்தது 1975 மார்ச்சில்தான். அந்தப் பருவத்தை ஆடி முடித்தார். ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போனார். மில்வாக்கிக்கு நான்கு வீரர்கள் கிடைத்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும், இந்தக் காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தென்படவில்லை.

கோபி பிரையன்ட் நேர் எதிர். 2007 கோடையில் வானொலி வானொலியாகப் போய் லேக்கர்ஸிலிருந்து விலக வேண்டும் என்று முழங்கினார். கடைசியில் எங்கும் போகவில்லை. 2009, 2010 என்று அங்கேயே இரண்டு பட்டங்கள் வென்றார். அவர் அன்று போட்ட சத்தத்தை இப்போது எவரும் நினைவுகூர்வதும் இல்லை. நியாயத்தை விட முடிவைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோமோ என்று சில நேரம் தோன்றுகிறது.

மூலையிலிருந்து மூன்று மறுமொழி:

மூவருக்கும் நன்றி. 'எந்த அணிக்கு அனுப்பினாலும் ஆடுவேன்' என்பதுதான் கையெழுத்தின் உள்ளடக்கம் என்பதை நான் இதற்கு முன் இப்படி யோசித்ததில்லை. அதை ஏற்றுக்கொண்டால், டுரான்ட் கேட்டதில் எனக்கிருந்த கோபம் பாதியாகிவிடுகிறது. அவர் கேட்டார், நிர்வாகம் மறுத்தது, அவர் மறுபடியும் வந்து ஆடினார். ஆனால் சிம்மன்ஸ் மீதான வருத்தம் அப்படியே இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். இப்படி நெருக்கப்படும் சிறு நகர அணிகள் மீண்டும் எழ முடியாமல் போகின்றன என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் குற்றச்சாட்டு. அது உண்மையா?

ஆறாவது ஆள் பதில்:

எப்போதும் உண்மையல்ல. இதில் மிக விசித்திரமான கதை பால் ஜார்ஜுடையது.

2017-ல் இண்டியானாவிடம், ஒப்பந்தம் முடிந்ததும் தாம் தங்கப்போவதில்லை என்று முன்கூட்டியே சொன்னார். இண்டியானா அவரை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பி, விக்டர் ஒலடிப்போவையும் டொமாண்டஸ் சபோனிஸையும் பெற்றுக்கொண்டது. அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். 2022 பிப்ரவரியில் அதே சபோனிஸைக் கொடுத்துத்தான் டைரீஸ் ஹாலிபர்டனை இண்டியானா வாங்கியது. ஜார்ஜ் 2018-ல் ஓக்லஹோமா சிட்டியோடு நான்கு ஆண்டு ஒப்பந்தம் செய்து, ஓராண்டு முடிந்ததுமே, லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸில் சேரவிருந்த லெனார்டோடு ஆடுவதற்காக அங்கே அனுப்பும்படி கேட்டார். லெனார்ட் வரவேண்டுமானால் ஜார்ஜ் வந்தாக வேண்டும் என்பதால் கிளிப்பர்ஸ் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தது. ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டானிலோ காலினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், அவை போதாதென்று இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்வுகளை மாற்றிக்கொள்ளும் உரிமை ஆகிய அனைத்தும் ஓக்லஹோமா சிட்டிக்குப் போயின. அந்தத் தேர்வுகளில் ஒன்றில்தான் 2022-ல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார்.

2025 இறுதிச் சுற்றில் மோதியவை எவை? ஓக்லஹோமா சிட்டியும் இண்டியானாவும். ஏழாவது ஆட்டம் வரை போய், ஓக்லஹோமா சிட்டி பட்டம் வென்றது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதும் இறுதிச் சுற்றின் விருதும் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு. ஜார்ஜ் விலகிச் சென்ற இரண்டு சிறு நகரங்கள், ஜார்ஜுக்கு ஈடாகக் கிடைத்ததன் மேல் தங்களைக் கட்டி எழுப்பிக்கொண்டு, அவர் ஒருபோதும் ஆடாத இறுதிச் சுற்றில் எதிரெதிரே நின்றன. இப்படி ஒரு கதையைக் கற்பனையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஒரு நட்சத்திரம் ஃப்ரீ ஏஜென்ட்டாகப் போனால் பழைய அணிக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. லெனார்ட் 2019-ல் டொராண்டோவை விட்டுப் போனபோது ஒரு தேர்வுகூடக் கிடைக்கவில்லை. லெப்ரான் 2018-ல் கிளீவ்லாந்தை விட்டபோதும் அப்படியே. பழைய கணக்கு அவர்கள் 'முறைப்படி' என்று பாராட்டுகிற வழி, அணியின் கையில் வெறுமையைத்தான் விட்டுச் செல்கிறது. ஒப்பந்தத்தில் ஆண்டுகள் மீதமிருக்கும்போது 'நான் போக விரும்புகிறேன்' என்று சொல்பவர், நிர்வாகத்துக்குப் பேரம் பேச அவகாசம் தருகிறார். மீதமுள்ள ஆண்டுகள் எத்தனைக்கு எத்தனை அதிகமோ, கிடைக்கும் விலையும் அந்த அளவுக்கு அதிகம்.

பழைய கணக்கு பதில்:

ஓக்லஹோமா சிட்டியின் கதையைச் சொன்னவர் ஹூஸ்டனின் கதையையும் சொல்லியிருக்கலாம். ஹார்டன் போன 2020-21 பருவத்தில் தொடர்ந்து இருபது ஆட்டங்கள் தோற்று, 17 வெற்றி 55 தோல்வி என்று முடித்தார்கள். மீண்டும் பிளேஆஃப் பார்க்க 2025 வரை ஆனது. 2004 டிசம்பரில் வின்ஸ் கார்ட்டரை விட்டுக்கொடுத்த டொராண்டோவுக்கு வந்தவர்களில் பெயர் பெற்றவர் அலோன்சோ மோர்னிங். அவர் டொராண்டோவுக்கு ஓர் ஆட்டமும் ஆடவில்லை. கார்ட்டர் அங்கே திரும்பி வரும்போதெல்லாம் ஏறக்குறைய பத்தாண்டு கூச்சலிட்டு அவமதித்தார்கள். 2024 நவம்பரில்தான் அவருடைய 15-ஆம் எண்ணை அதே அரங்கில் ஏற்றிக் கௌரவித்தார்கள். காயம் ஆற இருபது ஆண்டுகள்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்தத்தை முழுவதும் ஆடி முடித்துவிட்டுப் போவதே எப்போதும் மேலானது என்று நான் எழுதியது அவசரம். முன்னதாகச் சொல்வது அணிக்கும் நல்லதாக முடியலாம். என் ஆட்சேபம் மூன்று இடங்களில் மட்டும் நிற்கிறது: களம் இறங்க மறுப்பது, ஒரே ஓர் அணியின் பெயரைச் சொல்லிச் சந்தையை மூடுவது, நீட்டிப்பின் மை உலர்வதற்குள் கேட்பது. மூன்றாவதை மற்ற இரண்டின் அளவுக்கு நான் கடுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் பல நேரங்களில் கையெழுத்துப் பெறும்போது நிர்வாகம் கொடுத்த உறுதிமொழிகள் எழுத்தில் வருவதில்லை. அவை மீறப்பட்டனவா என்பது வெளியிலிருக்கும் நமக்குத் தெரியாது.

லீகின் அபராத விதியைப் பற்றியும் ஒரு வரி. 2019 ஜனவரியில் ஆந்தனி டேவிஸின் முகவர் கோரிக்கையைப் பகிரங்கமாகச் சொன்னதற்காக டேவிஸுக்கு 50,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அந்த ஆண்டு அவர் சம்பளம் இரண்டரைக் கோடி டாலருக்கும் மேல். கேட்டது குற்றமில்லை, உரக்கக் கேட்டதுதான் குற்றம் என்று சொல்லும் விதி அது. அதற்கும் தண்டனை பேருந்துக் கட்டணம் அளவுக்குத்தான்.

ஆறாவது ஆள் பதில்:

உங்கள் மூன்றில் முதல் இரண்டை நானும் ஏற்கிறேன். ஹாலிடேயைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. அவரும் 'சம்மதமின்றி மாற்றலாம்' என்ற அதே பிரிவினால்தான் அடிபட்டார்; லில்லார்ட் கேட்டதனால் அடிபட்டார் என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தப் பிரிவு இருக்கும்வரை, பேரம் பேசும் பலம் உள்ள சிலர் அதைத் தமக்குச் சாதகமாக வளைப்பார்கள், பலம் இல்லாத பலர் அதன் கீழ் நசுங்குவார்கள்.

லில்லார்டின் கதை எங்கே போய் முடிந்தது என்பது இங்கே பொருந்தும். மில்வாக்கி விடுவித்த பிறகு, 2025 ஜூலையில் அவர் போர்ட்லண்டுக்கே திரும்பி வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர். முன்பு வாங்கியதோடு ஒப்பிட்டால் சிறு தொகை. குதிகால் ஆறும்வரை முதல் ஆண்டு ஆட முடியாது என்று இரு தரப்புக்கும் தெரியும். அந்த ஒப்பந்தத்தில் இதற்கு முன் போர்ட்லண்டில் அவருக்கு இல்லாத ஒரு பிரிவு இருக்கிறது: அவர் சம்மதம் இல்லாமல் அவரை எங்கும் டிரேட் செய்ய முடியாது.